பதினோராம் விதி

துறைத்தலைவி அந்த விதியை எழுதும்போது அவள் மனதில் ஒரு பெண் இருந்தாள். வேதியியல் படித்தவள். ஆய்வகத்தில் ஆசிரியர் ஒருவர் கூசும்படி பேசுகிறார் என்று தைரியமாகப் புகார் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலமே அந்த ஆசிரியர் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், அவள் அப்பாவின் காலில் விழுந்தார். அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்த மாதக் கடைசியில் படிப்பையும் விட்டுவிட்டாள். ஆசிரியர் மட்டும் அதே ஆய்வகத்தில் குத்துக்கல்லாக இருந்தார்.

அதனால்தான், வகுப்பறை நெறிமுறைகளை எழுதித் தரும்படி முதல்வர் கேட்டபோது, புவியியல் துறைத்தலைவியான அவள் பதினோராவதாக ஒரு வரியைச் சேர்த்தாள். பதிவான புகாரை, கொடுத்தவரே கேட்டாலும் திரும்பப் பெற முடியாது. இனி யாரும் யார் வீட்டுக்கும் போய்க் காலில் விழ வேண்டியதில்லை. மற்ற விதிகளெல்லாம் நிர்வாகம் சொல்லச் சொல்ல எழுதியவை. பாடக்குறிப்பை ஒரு வாரம் முன்னதாகத் துறைத்தலைவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது போன்றவை. பதினொன்று மட்டும் அவள் சொந்த விதி. அதை நினைத்து அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

துறையில் அவளுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூகோளம். பாடத்தின் பெயர் புவியியல் என்று மாறி எத்தனையோ காலமாகியும் அவர் வாயில் அந்தப் பழைய சொல்தான் வரும். தலையும் வழுக்கை விழுந்து உருண்டையாகிவிட்டதால் பெயர் இரண்டு விதத்திலும் ஒட்டிக்கொண்டது. தலைவர் பதவி முதலில் அவரைத் தேடித்தான் வந்தது. "ஃபைலைப் பாத்தாலே எனக்குத் தும்மல் வருது" என்று ஒதுங்கிக்கொண்டார். அது இவளிடம் வந்தது. அன்றிலிருந்து அவளைத் 'தலைவி' என்றுதான் கூப்பிடுவார். பதினேழு வருடமாக ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு. அவர் மனைவி எதைக் கட்டிக்கொடுத்தாலும் அதில் பாதி இவள் தட்டுக்கு வந்துவிடும்.

அவர் பாடம் எடுக்கும் விதமே தனி. ஒரு பொய்யை முதலில் மாணவர்கள் அப்படியே நம்பும்படி சொல்வார். அதற்குக் கை தட்டக்கூட வைப்பார். அடுத்த வகுப்பில் ஆதாரத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். அவர்களே படித்து, அவர்களே திகைத்து, நேற்று நம்பியதை அவர்களே உடைக்க வேண்டும். "ஏமாந்தவனுக்குத்தான் சந்தேகப்படத் தெரியும்" என்பார்.

இரண்டாமாண்டு வகுப்புக்கு அந்த வருடம் அவர் எடுத்துக்கொண்டது அணை விபத்தை. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு பெருமழையில் மேல் அணையின் ஐந்து மதகுகளும் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டன. ஆற்றங்கரைக் குடியிருப்பில் முப்பத்தொரு பேர் செத்துப்போனார்கள். மதகு இயக்குபவர் தூங்கிவிட்டார், அதனால்தான் தாமதம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பூகோளம் அந்த அறிக்கையின் முடிவுரையைக் குரலை ஏற்றி இறக்கி வகுப்பில் வாசித்தார். பிறகு கரும்பலகையில் பெரிதாக முப்பத்தொன்று என்று எழுதினார். "ஒருத்தன் தூங்கினான். இத்தனை பேர் எந்திரிக்கவே இல்ல. சொல்லுங்க, அவனை என்ன பண்ணலாம்?" வகுப்பு கொதித்தது. தூக்கில போடணும் சார் என்றான் ஒருவன். அவன் பிள்ளைகுட்டியையும் தண்ணியில தள்ளணும் என்றாள் இன்னொருத்தி. பூகோளம் மறுக்கவில்லை. வியாழக்கிழமை வகுப்புக்காக அவர் அதை அப்படியே விட்டுவைத்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக இருப்பாள், பேனாவே தொடமாட்டாள், அதனால் தோழிகள் அவளைப் பென்சில் என்பார்கள். அவள் மெல்ல எழுந்து வெளியே போனாள். தலைவலி என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த மதகு இயக்குபவர் அவளுடைய அப்பா. கல்லூரியில் அது யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அவள் மூன்று பஸ் மாறி அந்தக் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தாள்.

அன்று மதியமே அவள் நான்கு வரி எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டாள். நெறிமுறைக் குழுவில் முதல்வர், நிர்வாகத்தின் வக்கீல், துறைத்தலைவி என்று மூன்று பேர். பெட்டியைத் திறந்து துறைத்தலைவி அதை இரண்டு தடவை படித்தாள். 'இந்தப் பாடத்தால் வலிக்கக்கூடியவர் யாராவது வகுப்பில் இருக்கிறார்களா என்று சார் முதலிலேயே கேட்டிருக்கலாம். நான் அந்த மதகு இயக்குபவரின் மகள். இனிமேல் கேட்டால் போதும். சாரைத் தண்டிக்க வேண்டாம்.' பென்சிலால் எழுதிய எழுத்து, அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது.

புதன்கிழமை காலையில் பூகோளத்தை அந்த வகுப்பிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வியாழக்கிழமைப் பாடம் நடக்கவில்லை.

புகார் கொடுத்தது யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அதனால் அது யார் என்று பூகோளத்துக்குத் தெரியாது. மதிய மேஜையில் அவர் வழக்கம்போல டப்பாவைத் திறந்து பாதியை அவள் தட்டில் வைத்தார். "யாரோ ஒரு புள்ளைக்கு மனசு கஷ்டமாம். வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தா எல்லாம் சரியாயிருக்கும். நீங்க குழுவில சொல்லுங்க தலைவி, அந்த ரெண்டாவது வகுப்பை மட்டும் எடுக்க விடட்டும். பாதியில நிக்குது பாடம். பாதிப் பாடம் பொய்யை விட மோசம்."

"ரெண்டாவது வகுப்புல என்ன சார்?"

அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "குறிப்புல எழுதியிருக்கேனே. நீங்க கையெழுத்துப் போட்டதுதானே?"

அவள் போட்டதுதான். திங்கள்கிழமைதோறும் பாடக்குறிப்புகள் கட்டுக் கட்டாக மேஜைக்கு வரும். தலைக்கு மேல் வேலை. ஒரு பக்கம் விடாமல் கையெழுத்துப் போடுவாள், ஒரு வரி படிக்கமாட்டாள்.

அன்று சாயங்காலம் அறையைச் சாத்திக்கொண்டு அந்தக் குறிப்பைப் படித்தாள். விசாரணை அறிக்கையின் கடைசியில் யாரும் புரட்டாத பின்னிணைப்பு ஒன்று இருந்தது. அணையிலிருந்து போன தொலைபேசி அழைப்புகளின் பட்டியல். மாலை நான்கு மணியிலிருந்து ஏழு முறை மதகு இயக்குபவர் கட்டுப்பாட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தைச் சொல்லி, திறக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். உத்தரவு இல்லாமல் அவர் மதகைத் தொடக்கூடாது. உத்தரவு வரவே இல்லை. கடைசியில் தண்ணீர் அணையின் தலையைத் தாண்டப் பார்த்தபோது, அவரே ஐந்தையும் திறந்தார். திறக்காவிட்டால் அணையே போயிருக்கும். குறிப்பின் அடியில் பூகோளம் எழுதியிருந்தார்: 'மாணவர்களே படிக்கட்டும். ஏழாவது அழைப்புக்கு வரும்வரை வாய் திறக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை தூக்கில் போடச் சொன்னவர்கள் பேசட்டும்.'

அந்தப் பெண் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டாள். இன்னும் ஒரு வகுப்பு பொறுத்திருந்தால், அவள் அப்பா குற்றவாளி இல்லை என்று அறுபது பேர் அவள் கண்ணெதிரே ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த வாரம் விசாரணை. புகாரின் நான்கு வரியை வக்கீல் அரை நிமிடத்தில் வாசித்து ஓரமாக வைத்துவிட்டார். அவர் கையில் எடுத்துக்கொண்டது நடக்காத அந்த இரண்டாவது வகுப்பின் குறிப்பை. அரசாங்க விசாரணை அறிக்கையையே சந்தேகப்படும்படி மாணவர்களைத் தூண்டுவது என்று அதற்குப் பெயர் வைத்தார். அணை விபத்தின்போது கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர் நிர்வாகத் தலைவரின் தம்பி. அறையில் இருந்த நான்கு பேருக்கும் அது தெரியும்.

"நான் சந்தேகப்படச் சொல்லல. பின்னிணைப்பைப் படிங்கன்னு எழுதியிருக்கேன்" என்றார் பூகோளம். "அதுவும் அதே அறிக்கையிலதான் இருக்கு. நானா அச்சடிச்சேன்?"

வக்கீல் சிரித்தார். தாளைத் திருப்பித் துறைத்தலைவியிடம் காட்டினார். "இதுல உங்க கையெழுத்து இருக்கே மேடம். பாத்து, சரின்னு ஒத்துக்கிட்டுத்தான் போட்டீங்களா?"

அவள் பூகோளத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் பயமே இல்லை. அவள் ஆமாம் என்பாள் என்று நிச்சயமாக நம்பிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படிக்காம போட்டுட்டேன்" என்றாள் அவள்.

அது உண்மைதான். பிற்பாடு தனக்குத்தானே ஆயிரம் தடவை அதையே சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று குறிப்பைப் படித்துவிட்டுத்தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்? ஆமாம், எனக்குச் சம்மதம் என்று சொல்ல ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடியை அவள் விட்டுவிட்டாள். பூகோளம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரவாயில்லை என்பதுபோல அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் திட்டியிருந்தால் கூடத் தேவலை.

தீர்ப்பு ஒரே பக்கம். புகார் நிரூபணமானது. இனி அனுமதித்த குறிப்புக்கு வெளியே ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். அணைப் பாடம் அந்த வருடத்துக்கு நீக்கப்படுகிறது.

தீர்ப்பு ஒட்டப்பட்ட அன்று பென்சில் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"மேடம், நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன். சாரை ஒண்ணும் பண்ண வேணாம்னு எழுதியிருந்தேனே, யாருமே படிக்கலையா?"

"படிச்சோம்மா."

"அப்ப குடுங்க. கிழிச்சுப் போட்டுடறேன்."

"முடியாதும்மா. அப்படி ஒரு விதி இருக்கு."

"யாரு மேடம் போட்டாங்க அப்படி ஒரு விதிய?"

துறைத்தலைவி அந்தப் பெண்ணை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குழுவில் தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக்கூடாது என்று அவளும் கையெழுத்துப் போட்டவள்தான். அன்று அந்தக் கையெழுத்தை மீறினாள். வியாழக்கிழமை குறிப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். பென்சில் படித்தாள். முதல் அழைப்பு, இரண்டாவது அழைப்பு என்று விரலை வைத்து வைத்துப் படித்தாள். ஏழாவதுக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவள் அழவில்லை. குறிப்பை மெல்ல நகர்த்திவைத்துவிட்டு, "நான்தான் மேடம் கெடுத்தேன்" என்றாள். "எங்கப்பாவுக்காக ஊர்ல ஒரே ஒருத்தர் பேச வந்தாரு. அவர் வாயை நானே மூடிட்டேன்."

"இல்லம்மா. உனக்கு வலிச்சது. வலிக்குதுன்னு சொன்னே. அதுல தப்பில்ல."

சொல்லிவிட்டாளே தவிர, பிறகு தப்பு யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

விதியை மாற்றப் பார்த்தாள். மாணவர் பேரவையின் செயலாளரைக் கூப்பிட்டு, புகார் கொடுத்தவளின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னாள். செயலாளர் எதற்கும் அஞ்சாத பெண் என்று பெயர் எடுத்தவள். பேச்சு விதிக்கு வந்ததுமே அவள் மறுத்துத் தலையை ஆட்டிவிட்டாள்.

"பதினொண்ணை மட்டும் தொடாதீங்க மேடம். போன வருஷம் என் ரூம்மேட் குடுத்த புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி அவ மாமாவே வந்து நின்னாரு. முடியாது, விதி இருக்குன்னு சொல்லித்தான் தப்பிச்சா. பூகோளம் சார் நல்லவர்தான். நல்லவங்களுக்காக விதிய எடுத்தா மத்தவங்க அதுல பூந்து வந்துடுவாங்க."

"அப்ப அவர் பாடம் எடுக்கற சுதந்திரம்?"

"இருக்கட்டும் மேடம், வேணாம்னா சொல்றேன்? ஆனா அவருக்கு அது பாடம், அவளுக்கு அது அப்பா. கேட்டுட்டு ஆரம்பிச்சிருக்கலாம் இல்ல?"

அதே கேள்வியைத்தான் பென்சிலும் நான்கு வரியில் கேட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைத்தலைவி பென்சிலின் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை வீடு. மதகு இயக்குபவர் இப்போது ஒரு கிடங்கில் காவலாளி. அவர் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய், கதவோரமாக நின்றுகொண்டாள். துறைத்தலைவி பின்னிணைப்பைப் பற்றிச் சொன்னாள். ஏழு அழைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழு இல்லம்மா, எட்டு" என்றார் கடைசியில். "ஒரு தடவை லைன் கிடைக்கல. அதை எழுதியிருக்க மாட்டாங்க."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கூப்பிட்டவன் நான்தானே?" அவர் சிரித்தமாதிரி இருந்தது. "எனக்குத் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது? நீங்க நல்லவங்க, வருத்தப்பட்டு வீடு தேடி வந்து சொல்றீங்க. ஆனா அந்த வகுப்புல அறுபது பிள்ளைங்க, என்னைத் தூக்கில போடணும்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருக்காங்க. அவங்க இன்னும் அப்படித்தானே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க?"

கதவோரத்தில் புடவைத் தலைப்பு அசைந்தது. துறைத்தலைவி தேநீரைக் குடித்தாள். அது ஆறிப்போயிருந்தது.

அன்றே பூகோளத்தின் வீட்டுக்கும் போனாள். அவர் எழுதித் தரவும் இல்லை, எதிர்த்து வழக்குப் போடவும் இல்லை. நீண்ட விடுப்பில் இருந்தார். அவள் முதலில் மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்தப் பெண் யாருடைய மகள் என்று சொன்னாள். அதைக் கேட்டதும் மனிதர் அப்படியே உறைந்துபோனார்.

"மூணாவது வரிசையா?" என்றார். "பாதியில எந்திரிச்சுப் போச்சே, அந்தப் பொண்ணா? அவ எதிர்லயா நான் அப்படி நடிச்சேன்? பிள்ளைகுட்டியைத் தண்ணியில தள்ளணும்னு ஒருத்தி சொன்னப்போ நான் சிரிச்சேன் தலைவி. பாடம் நல்லாப் போகுதுன்னு சிரிச்சேன்."

"உங்களுக்குத் தெரியாது சார்."

"தெரிஞ்சிருக்கணும். அறுபது பேரைப் பாத்துப் பேசறவனுக்கு அறுபது முகமும் தெரிய வேணாமா? அந்த வக்கீல் சொன்னதுக்கு நான் பயப்படல. நாளைக்கே போய் அதே பாடத்தை எடுத்திருப்பேன். ஆனா இனிமே எந்த வகுப்புல நின்னாலும், எவ எந்திரிச்சுப் போவாளோன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம் எங்கே பாடம் எடுக்கறது?"

மறுநாள் அவர் ராஜினாமாக் கடிதம் முதல்வர் மேஜைக்கு வந்தது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

பருவத்தின் கடைசி நாள். முந்தைய நாளே பென்சிலைக் கூப்பிட்டு, தான் எந்தப் பாடம் எடுக்கப்போகிறாள் என்று சொல்லி, வருகிறாயா, விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று துறைத்தலைவி கேட்டிருந்தாள். அதை மட்டும் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தாள். பென்சில் வந்தாள். மூன்றாவது வரிசையிலேயே உட்கார்ந்தாள். ஆனால் தேர்வு நெருங்கிவிட்டதால் அறுபது பேரில் பதினாறு பேர்தான் வந்திருந்தார்கள்.

துறைத்தலைவி யாரிடமும் கையெழுத்து வாங்காத ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு மேடையேறினாள். செவ்வாய்க்கிழமை வகுப்பு நினைவிருக்கிறதா என்று கேட்டாள். அதற்குள் மூன்று மாதமாகியிருந்தது. நாலைந்து தலைகள் ஆடின. அவள் பின்னிணைப்பைப் பற்றிச் சொன்னாள், அழைப்புகளைச் சொன்னாள், நீர்மட்டத்தைச் சொன்னாள். லைன் கிடைக்காத எட்டாவதையும் சொன்னாள். அவசர அவசரமாகச் சொன்னாள். யாராவது வந்து கதவைத் தட்டிவிடுவார்களோ என்று கண் கதவுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதர் தூங்கவில்லை, அவர் மேல் குற்றமில்லை என்று முடித்தாள்.

பின்னாலிருந்து ஒருவன் கை தூக்கினான். அன்று தூக்கில் போடணும் என்று சொன்னவன் அவன்தான்.

"மேடம், இது பரீட்சைக்கு வருமா?"

"வராது."

அவன் நோட்டை மூடிவைத்தான். பக்கத்தில் இருந்தவர்களும் மூடிவைத்தார்கள். மணி அடித்ததும் நாற்காலிகளைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். முதல் வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும் போகும்போது, "பாவம் மேடம் அந்த ஆளு" என்றாள்.

பென்சில் கடைசியாக எழுந்து வந்தாள். "தாங்க்ஸ் மேடம்" என்றாள். பிறகு தயங்கி, "சார் எடுத்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும், இல்ல?" என்று கேட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமாம்மா. வேற மாதிரி இருந்திருக்கும்."

ஒரு வாரத்தில் அந்த வகுப்புக்காகத் துறைத்தலைவிக்கும் குறிப்பாணை வந்தது. பதவியை எடுத்துவிட்டு வெறும் ஆசிரியையாக விட்டுவைத்தார்கள். பென்சில் அந்த விடுமுறையிலேயே புவியியலை விட்டுவிட்டு வணிகவியலுக்கு மாறிக்கொண்டாள். பதினோராம் விதி அப்படியே இருந்தது. அடுத்த வருடம் வேறொரு பெண் கொடுத்த புகாரில், அதே விதியால் வேதியியல் ஆய்வகத்து ஆசிரியர் கடைசியாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்தச் செய்தி வந்த அன்று அவளுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று புரியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பூகோளத்தைப் பார்க்கப் போனாள். அந்தக் கடைசி நாள் வகுப்பைப் பற்றி அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றுதான் சொன்னாள். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் கண்ணில் பழைய வெளிச்சம் லேசாக வந்தது.

"எத்தனை பேர் இருந்தாங்க?"

"பதினாறு."

"ஏழாவது அழைப்புக்கு வந்தப்போ யார் முதல்ல பேசினது?"

"யாரும் பேசல சார்."

"பின்னிணைப்பை அவங்க கையில குடுத்துப் படிக்க விட்டீங்களா, இல்ல நீங்களே சொல்லிட்டீங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள். "நானே சொல்லிட்டேன்."

அவர் மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து இரண்டு தட்டுகள் எடுத்து வந்து, இருவர் கையிலும் கொடுத்துவிட்டு, ஏன் இப்படி இருட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டபடி விளக்கைப் போட்டாள்.